பாஸ்டனுக்குப் போன பெர்சி பிரபு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1775 ஏப்ரல் 19 அன்று மாசசூசெட்ஸில் அமெரிக்க விடுதலைப் போரின் முதல் சண்டை நடந்தது. அன்று பிரிட்டிஷ் படையை முழு அழிவிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தவர் பெர்சி பிரபு. இதே மனிதர் அமெரிக்கர்களிடம் அரசு நடந்துகொள்ளும் விதம் தவறு என்று நினைத்தவர். இது எப்படி ஒத்துப்போகிறது என்று படிப்பவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்.

யார் இந்தப் பெர்சி பிரபு?

பெயர் ஹியூ பெர்சி. 1742 ஆகஸ்ட் 14 அன்று பிறந்தபோது அவர் குடும்பப் பெயர் ஸ்மித்சன். அப்பா சர் ஹியூ ஸ்மித்சன், பழைய பெர்சி வம்சத்துப் பெண்ணைக் கட்டியவர். மனைவி வழியில் சொத்தும் பட்டமும் வந்ததும் 1750இல் தன் பெயரையே பெர்சி என்று மாற்றிக்கொண்டார். 1766இல் அவர் நார்தம்பர்லாண்ட் டியூக் ஆனார். டியூக்கின் மூத்த மகன் என்பதால் நம்மவருக்கு 'ஏர்ல் பெர்சி' என்ற மரியாதைப் பட்டம் வந்து சேர்ந்தது.

பணக்காரப் பிள்ளை என்றாலும் பட்டாளத்துக்குச் சும்மா பேருக்குப் போனவரில்லை. 1759இல் சேர்ந்தார், அதே ஆண்டில் ஜெர்மனியில் பெர்கன், மிண்டன் இரண்டு போர்களையும் பார்த்துவிட்டார். மிண்டன் சண்டையின்போது 17 வயது நிறைய இன்னும் இரண்டு வாரம் பாக்கி. பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மெய்க்காவல் துணை அதிகாரி, முன்னாள் பிரதமர் பியூட் பிரபுவின் மருமகன், 1768இல் 5ஆம் காலாட்படை ரெஜிமென்ட்டின் கர்னல் என்று மேலே போய்க்கொண்டே இருந்தார். திருமணம் மட்டும் சரிப்படவில்லை. 1779இல் விவாகரத்து, அதே ஆண்டில் மறுமணம்.

அமெரிக்கர்கள் மேல் அவருக்கு இருந்தது என்ன மாதிரி அனுதாபம்?

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். 'கலகக்காரர்களுக்கு அனுதாபி' என்றதும் சுதந்திர அமெரிக்காவை ஆதரித்தவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 1765இல் முத்திரைத்தாள் வரி, அப்புறம் தேயிலை வரி, 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியது, அதற்குத் தண்டனையாக 1774இல் துறைமுகத்தையே மூடியது என்று விவகாரம் முற்றிக்கொண்டே போனது. லண்டனில் ஒரு கூட்டம், 'இது நம் ஆட்கள்மேல் நாமே கைவைக்கிற வேலை, அரசு தப்பாகப் போகிறது' என்றது. பெர்சியும் அரசின் அமெரிக்கக் கொள்கையை ஏற்காதவர். அவ்வளவுதான். பாஸ்டன்காரர்களிடம் அவருக்குத் தனிப் பாசம் எதுவும் கிடையாது. 1774இல் சுதந்திரம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டவர்கள் அமெரிக்காவிலேயே மிகச் சிலர்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொள்கை பிடிக்கவில்லை என்றால் ஏன் போனார்?

ரெஜிமென்ட்டுக்கு உத்தரவு வந்தது, போனார். கர்னல் வீட்டிலிருந்தபடியே ரெஜிமென்ட்டை அனுப்பிவைப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். பெர்சி அப்படிச் செய்யவில்லை. 1774 கோடையில் தன் ஆட்களோடு பாஸ்டனில் இறங்கினார். அரசியல் கருத்து வேறு, மன்னரின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு செய்கிற வேலை வேறு என்று அவர் பிரித்துவைத்திருந்ததாகத்தான் தெரிகிறது. என் கணக்கில், அவரைப் பற்றிய விவாதம் முழுக்க இந்தப் பிரிவினை நியாயமா என்பதில்தான் நிற்கிறது.

போக மறுத்தவர்கள் யாராவது உண்டா?

உண்டு. மூன்றாம் எஃபிங்காம் ஏர்ல், தாமஸ் ஹோவர்ட். அவருடைய 22ஆம் ரெஜிமென்ட்டை அமெரிக்காவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 1775 ஏப்ரல் 12 அன்று போர்த்துறைச் செயலருக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினார். நியாயம் தெளிவாகத் தெரியாத ஒரு விஷயத்துக்காக, அமெரிக்காவில் இருக்கும் சக குடிமக்கள்மேல் ஆயுதம் தூக்க மனசாட்சி இடம்தரவில்லை என்பது அதன் சாரம். தேதியைக் கவனியுங்கள்: முதல் சண்டைக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. மே 18 அன்று பிரபுக்கள் சபையில் எழுந்து இதையே வெளிப்படையாகச் சொன்னார். அப்போதும் சண்டை நடந்த சேதி லண்டனை எட்டியிருக்கவில்லை. ஆக, தோல்விச் செய்தி கேட்டு மனம் மாறியவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது.

அமெரிக்கர்கள் அவரைக் கொண்டாடினார்கள். புதிய கடற்படையின் ஒரு போர்க்கப்பலுக்கு எஃபிங்காம் என்று பெயர் வைத்தார்கள். ஜார்ஜியாவில் ஒரு மாவட்டத்துக்கும் அதே பெயர், அது இன்றும் இருக்கிறது. கப்பலுக்குத்தான் ஆயுள் இல்லை. பிரிட்டிஷார் 1778இல் எரித்துவிட்டார்கள். எஃபிங்காம் பின்னாளில் ஜமைக்காவின் ஆளுநராகப் போய் 1791இல் காலமானார். அடிமைத் தோட்டங்களால் வாழ்ந்த தீவு அது. மனசாட்சி எந்த வாசல்வரை வரும், எங்கே நின்றுவிடும் என்பது ஆளுக்கு ஆள் வேறு.

பாஸ்டனுக்கு வந்தபின் அனுதாபம் கூடியதா?

நேர்மாறாக நடந்தது. லண்டனில் தூரத்திலிருந்து நியாயமாகத் தெரிந்தவர்கள், பக்கத்தில் வந்ததும் அவருக்குச் சகிக்கவில்லை. வந்த முதல் சில வாரங்களிலேயே ஊருக்கு எழுதிய கடிதத்தில் இங்குள்ளவர்கள் தந்திரக்காரர்கள், வேஷதாரிகள், கொடூரமானவர்கள், கோழைகள், இவர்களை முழுசாக வெறுக்காமல் இருக்க முடியவில்லை என்று தாளித்துவிட்டார். படை வீரர்களை ஊரார் சீண்டுவதையும், அரசு விசுவாசிகளை மிரட்டுவதையும் நேரில் பார்த்த எரிச்சல் அது.

'அனுதாபி' என்ற ஒற்றைச் சொல்லை அவர்மேல் ஒட்டுவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். அவருக்கு இருந்தது லண்டன் அரசின்மேல் கோபம். பாஸ்டன் மக்களோ அவருக்குக் 'கோழைகள்'. அந்தக் கடைசிச் சொல்லை அடுத்த ஏப்ரலில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிவந்தது.

1775 ஏப்ரல் 19 அன்று என்னதான் நடந்தது?

கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டிய கதை இது. கான்கார்ட் என்ற ஊரில் கலகக்காரர்கள் ஆயுதம் சேர்த்துவைத்திருக்கிறார்கள் என்று பாஸ்டனில் இருந்த பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஜெனரல் கேஜுக்குத் துப்பு. 18ஆம் தேதி இரவு கர்னல் ஸ்மித் தலைமையில் சுமார் 700 பேரைப் படகில் ஏற்றி ரகசியமாக அனுப்பினார். ரகசியம் அன்று இரவே ஊர் ஊராகப் பரவிவிட்டது. விடியற்காலையில் லெக்சிங்டன் திடலில் துப்பாக்கி வெடித்தது, உள்ளூர்க்காரர்கள் 8 பேர் செத்தார்கள். அப்புறம் கான்கார்ட் பாலத்தில் சண்டை.

முன்யோசனையாகப் பெர்சியின் படை அதிகாலை 4 மணிக்குத் தயாராக நிற்கவேண்டும் என்று கேஜ் உத்தரவு போட்டிருந்தார். உத்தரவைக் கொண்டுபோனபோது சம்பந்தப்பட்ட அதிகாரி வீட்டில் இல்லை. வேலைக்காரனிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். எஜமான் திரும்பிவந்தபோது வேலைக்காரன் சொல்ல மறந்துவிட்டான். ஸ்மித்திடமிருந்து உதவி கேட்டு ஆள் வந்தபிறகுதான் முகாமில் ஒருவரும் எழுந்திருக்கவே இல்லை என்று தெரிந்தது. சரி, அவசரமாகக் கூட்டினால் கடற்படைச் சிப்பாய்களை மட்டும் காணோம். அவர்களுக்கான உத்தரவை அவர்களுடைய அதிகாரி மேஜர் பிட்கெர்ன் பெயருக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள். பிட்கெர்னோ முந்தைய இரவே ஸ்மித்தோடு கிளம்பிப் போய்விட்டார்! அரசு அலுவலகத்தில் விடுப்பில் இருப்பவர் மேசையில் கோப்பு தூங்குவதுபோல அந்தக் காகிதம் அங்கே கிடந்தது.

கடைசியில் 9 மணி வாக்கில்தான் சுமார் 1,000 பேரோடு, இரண்டு 6 பவுண்டு பீரங்கிகளோடு கிளம்பினார் பெர்சி. அமெரிக்கர்களைக் கிண்டல் செய்யும் யாங்கி டூடுல் மெட்டை வாசித்தபடி போனார்கள். கேம்பிரிட்ஜ் பாலத்தில் பலகைகளைப் பெயர்த்திருந்தார்கள். ஆனால் பெயர்த்தவர்கள் அவற்றை மறுகரையிலேயே ஒழுங்காக அடுக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சிப்பாய்கள் உத்தரக்கட்டைமேல் நடந்து கடந்து, பலகைகளைத் திரும்பப் பொருத்திவிட்டார்கள். ஊருக்குள் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஹார்வர்ட் கல்லூரி ஆசிரியர் ஒருவர்தான் லெக்சிங்டனுக்கு வழி காட்டினார்.

சீக்கிரம் போக வேண்டும் என்று பெர்சி ஒரு முடிவெடுத்தார். வெடிமருந்து வண்டி வேண்டாம். ஆளுக்கு 36 தோட்டாக்கள், பீரங்கிக்கு 24 குண்டுகள், அவ்வளவுதான் கையில். பின்னால் தனியாக அனுப்பிய வண்டிகளை மெனோட்டமி என்ற ஊரில் (இன்று ஆர்லிங்டன்) கிழவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து மடக்கிவிட்டார்கள். இளவட்டங்கள் எல்லாரும் ஏற்கெனவே சண்டைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

பிற்பகல் இரண்டரை மணி வாக்கில் லெக்சிங்டன் அருகே பெர்சி அணிவகுத்து நின்றபோது, ஸ்மித்தின் ஆட்கள் ஓடிவந்து அந்த வரிசைக்குள் விழுந்தார்கள். வேட்டையில் ஓடிக் களைத்த நாய்கள்போல நாக்கைத் தொங்கவிட்டபடி தரையில் கிடந்தார்கள் என்று அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. பெர்சி பீரங்கியால் நாலு வெடி வெடித்துத் துரத்தி வந்தவர்களைத் தள்ளிவைத்தார். அருகே இருந்த மன்ரோ விடுதியில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டார்கள். அப்புறம் திரும்பும் பயணம்.

அந்தத் திரும்பும் பயணத்தில் அவருடைய பங்கு என்ன?

களைத்தவர்களை நடுவில் விட்டு, தன் ஆட்களை முன்னும் பின்னும் இரு பக்கவாட்டிலும் நிறுத்தி நகர்த்தினார். முன்னேறும்போது பக்கவாட்டுக் காவலர்கள் வேலிகளையும் வீடுகளையும் தேடித் துடைக்க வேண்டும். இன்னொன்றும் செய்தார். வந்த வழியே கேம்பிரிட்ஜ் பாலத்துக்குப் போனால் பொறி காத்திருக்கும் என்று ஊகித்து, சட்டென்று சார்லஸ்டவுன் பக்கம் திரும்பிவிட்டார். ஊகம் சரி: அந்தப் பாலத்தில் பலகைகள் மறுபடி பெயர்க்கப்பட்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். அந்தி சாயும் நேரத்தில் போர்க்கப்பல் பீரங்கிகளின் பாதுகாப்புக்குள் படை வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் பக்கம் 73 பேர் பலி, 174 பேர் காயம், 26 பேரைக் காணோம். எதிர்ப்பக்கம் 49 பேர் பலி. இராணுவக் கண்ணோடு பார்த்தால் அன்று ஒழுங்காக வேலை செய்த ஒரே பிரிட்டிஷ் தளபதி பெர்சிதான்.

பொதுமக்கள் கொல்லப்பட்டதற்கு அவர் பொறுப்பில்லையா?

பொறுப்புத்தான். மெனோட்டமியில் வீடு வீடாகப் புகுந்து சண்டை நடந்தது. ஜேசன் ரஸல் என்ற கால் ஊனமான முதியவர் தன் வாசலிலேயே கொல்லப்பட்டார். அந்த ஒரு வீட்டிலும் அதைச் சுற்றியும் 12 பேர் செத்தார்கள். வீடுகளில் கொள்ளையும் தீவைப்பும் நடந்தன. ஒளிந்து சுட்டவர்களும், வீட்டில் சும்மா இருந்தவர்களும் சிப்பாய்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தார்கள். படையை நடத்தியவர் பெர்சி, அதனால் கணக்கும் அவர் பெயரில்தான். அரசின் கொள்கை தப்பு என்று அவர் நினைத்தது ரஸல் குடும்பத்துக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

அதே ஊரில் சாமுவேல் விட்டமோர் என்பவருக்கு வயது 78. வேலிக்குப் பின்னால் தனியாக நின்று சுட்டார். அவரைச் சுட்டு, துப்பாக்கி முனைக் கத்தியால் பலமுறை குத்தி, செத்துவிட்டார் என்று விட்டுவிட்டுப் போனார்கள். மனிதர் பிழைத்தெழுந்து 1793 வரை வாழ்ந்தார்.

மறுநாள் எழுதிய கடிதம் என்று சொல்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

அவரைப் பற்றிப் பேசுவதற்கு முக்கியக் காரணமே அந்தக் கடிதம்தான். ஏப்ரல் 20 அன்று லண்டனில் இருந்த ஜெனரல் ஹார்விக்கு எழுதினார். நகரும் வளையம்போலத் துப்பாக்கிச்சூடு 15 மைல் தூரமும் எங்களைச் சுற்றியபடியே வந்தது என்கிறார். இவர்களை ஒழுங்கற்ற கும்பல் என்று நினைப்பவர் ஏமாந்துபோவார், என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்த ஆட்கள் இவர்களில் இருக்கிறார்கள் என்கிறார். பலர் வீடுகளில் பதுங்கி, அடுத்த நொடி சாவோம் என்று தெரிந்தே 10 கஜ தூரத்துக்கு வந்து என்னையும் மற்ற அதிகாரிகளையும் சுட்டார்கள் என்கிறார். மன்னரின் படையை இவர்கள் தாக்குவார்கள் என்றோ, இவ்வளவு விடாப்பிடியாக நிற்பார்கள் என்றோ நான் நம்பவே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

ஒன்பது மாதங்களுக்கு முன் 'கோழைகள்' என்று எழுதியதும் இந்தக் கைதான். தோற்று வந்த மறுநாளே சொன்னதை மாற்றிக்கொள்கிற தளபதிகள் அதிகம் இல்லை. பாஸ்டனிலும் லண்டனிலும் இருந்தவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு மாதத்தில் பாஸ்டனுக்குப் பக்கத்திலிருந்த பங்கர் குன்றில் நேர் வரிசையாக ஏறி, 1,000 பேருக்கு மேல் பலியும் காயமுமாகக் கொடுத்தார்கள்.

சொந்தச் சிப்பாய்களிடம் எப்படி நடந்துகொண்டார்?

நல்லபடியாக. சாட்டையடி அன்றாடத் தண்டனையாக இருந்த காலத்தில் தன் ரெஜிமென்ட்டில் அது வேண்டாம் என்றவர். பங்கர் குன்றில் செத்த தன் ஆட்களின் விதவைகளைச் சொந்தச் செலவில் கப்பல் பிடித்து ஊருக்கு அனுப்பி, கையில் பணமும் கொடுத்தார். கீல்வாதம் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அந்தக் காலோடுதான் இத்தனையும்.

அதன்பிறகு போரில் இருந்தாரா?

1776இல் லாங் ஐலண்டிலும், நவம்பரில் வாஷிங்டன் கோட்டையைப் பிடித்ததிலும் இருந்தார். பிறகு ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் தளபதி. அங்கே தலைமைத் தளபதி ஹோவோடு தகராறு முற்றியது. சண்டை எதில் தெரியுமா? குதிரைக்கு வைக்கோல் எவ்வளவு அனுப்புவது என்பதில்! 1777இல் ஊருக்குக் கிளம்பியவர் திரும்பவில்லை. கொள்கைக்காகப் போகாமல் இருந்திருக்க வேண்டியவர், வைக்கோலுக்காகத் திரும்பி வந்தார்.

அமெரிக்காவோடு அவர் குடும்பத்துக்கு வேறு தொடர்பு உண்டா?

உண்டு, யாரும் எதிர்பாராத தொடர்பு. பெர்சியின் அப்பாவுக்கு முறையான திருமணத்துக்கு வெளியே ஒரு மகன் இருந்தார். அவர்தான் வேதியியலாளர் ஜேம்ஸ் ஸ்மித்சன். அமெரிக்காவில் கால் வைத்ததே இல்லை. 1829இல் இறந்தபோது, தன் சகோதரர் மகனுக்குச் சொத்து, அவருக்கு வாரிசு இல்லாவிட்டால் எல்லாம் அமெரிக்காவுக்கு என்று உயில் எழுதியிருந்தார். அப்படியே நடந்தது. 5 லட்சம் டாலருக்கு மேல் போன அந்தப் பணத்தில் 1846இல் உருவானதுதான் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம். ஒரு மகன் அமெரிக்கர்களைச் சுட்டார், இன்னொரு மகன் அருங்காட்சியகம் கொடுத்தார்.

இங்கிலாந்தில் ஆல்னிக் என்ற ஊரில் இருக்கும் 'விவசாயிகளின் முட்டாள்தனம்' தூண் இவரோடு தொடர்புடையதா?

ஆமாம். 1786இல் அப்பா இறந்ததும் டியூக் ஆனார். நெப்போலியன் போர்கள் முடிந்து தானிய விலை சரிந்தபோது, குத்தகையைக் குறைத்துக் கொடுத்தார். நன்றியாகக் குத்தகைக்காரர்கள் 1816இல் உச்சியில் சிங்கத்தோடு 83 அடித் தூண் எழுப்பினார்கள். இவ்வளவு பெரிய தூண் கட்டப் பணம் இருக்கிறதே என்று டியூக் குத்தகையை மறுபடி ஏற்றிவிட்டார் என்று ஒரு கதை ஊரில் சுற்றுகிறது. நல்ல கதை, ஆனால் கதைதான். அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் இறந்துவிட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம்.

இவரைப்போல வேறு யாராவது, குறிப்பாக இந்தியா பக்கம் வந்தவர்கள்?

கார்ன்வாலிஸ். அமெரிக்காவுக்குச் சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு முழு உரிமை உண்டு என்ற 1766 சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் எதிர்த்து வாக்களித்த ஐவரில் அவர் ஒருவர். பிறகு அதே அமெரிக்கர்களோடு போரிட்டு 1781இல் யார்க்டவுனில் சரணடைந்தார். அப்புறம் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்து திப்பு சுல்தானைத் தோற்கடித்தார். 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல்லும் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலும் கும்பெனி கைக்கு வந்தன. சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலை நிற்கிறது.

முழுசாக மறுபக்கம் போனவர் வேண்டுமென்றால் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் பிரபு. அயர்லாந்தின் லென்ஸ்டர் டியூக் மகன். 1781இல் அமெரிக்கர்களுக்கு எதிராகச் சண்டையிட்டுக் காயம்பட்டுக் கிடந்தவரை அடிமைத்தளையிலிருந்து தப்பிய டோனி ஸ்மால் என்ற கறுப்பினத்தவர் காப்பாற்றினார். பின்னாளில் அயர்லாந்துப் புரட்சிக்கே திட்டம் தீட்டி, 1798இல் கைதின்போது சுடப்பட்டுச் சிறையில் இறந்தார்.

பெர்சியின் தடயத்தை இன்று எங்கே பார்க்கலாம்?

லெக்சிங்டனில் மன்ரோ விடுதி அருங்காட்சியகமாக இருக்கிறது. அவர் படை அன்று பிற்பகல் தங்கிய இடம். கீழறையின் கூரையில் சிப்பாய் ஒருவன் சுட்ட துப்பாக்கிக் குண்டின் ஓட்டையை இன்னும் அடைக்காமல் வைத்திருக்கிறார்கள்.